‘தப்பு’க்கு எந்தச் சொல்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மூன்று வருடம் வாயைத் திறக்காதவன் முழங்காலை விசாரித்துக்கொண்டு வருகிறானே என்று தோன்றும். வேறு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். அகராதி அலுவலகத்தில் சட்டச்சொல் பிரிவு இன்னும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எங்கள் துறைமுக நீதிமன்றத்திலிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி முறைப்படி வரப்போகிறது. அதற்கு முன் பின்னணியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

வழக்கு ஒரு பெண்ணைப் பற்றியது. நம் மொழி பேசுகிறவள். ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவருக்குப் பணிவிடை செய்ய இந்த ஊருக்கு வந்தவள். அந்த வீட்டில் எல்லோரும் அவளை ஆயா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. சொந்தபந்தம் என்று யாரும் இதுவரை வந்து பார்க்கவில்லை. பெரியவருக்கு இடுப்பு வலி. வலி தெரியாமல் தூங்குவதற்கு ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். பழுப்பு நிறப் பாட்டில், வெள்ளை மூடி. அன்று மதியம் மருமகள் மருந்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஆயாவிடம் சொல்லவில்லை. ஆயா கடைக்குப் போய்த் திரும்பி வந்தவள், மருந்து நேரம் தாண்டிவிட்டதே என்று அவளும் கொடுத்திருக்கிறாள். பெரியவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்போது அவள் மேல் கொலை வழக்கு. பாட்டிலில் மருந்து குறைந்திருந்ததை அவள் பார்த்திருப்பாள், தெரிந்தே கொடுத்தாள் என்கிறார் அரசு வழக்கறிஞர். அவள் பேச்சைப் புரிந்துகொள்ள இந்தக் கட்டடத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் அவள் என்னிடம் கேட்டாள். "இவங்க பேசுறது யாரோட பாஷை தம்பி?"

"யாரோடதும் இல்லைம்மா. லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதோட வாலையெல்லாம் நறுக்கிட்டு, எல்லாரும் சுலபமா கத்துக்கிற மாதிரி ஒரு குழு உட்கார்ந்து செஞ்சது. பொதுமொழின்னு பேரு. இங்க அஞ்சாறு நாட்டு ஆளுங்க வந்து போறாங்க இல்லையா, யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாதுன்னு இதுல விசாரிக்கிறாங்க."

"யாரோடதும் இல்லாத பாஷையில என்னை விசாரிக்கிறாங்களா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

அவளுடைய வாக்குமூலத்தில் ‘கிரீமினே’ என்ற சொல் பதிவாகியிருக்கிறது. உங்கள் பொதுமொழி அகராதிப்படி, மனதறிந்து செய்த குற்றச்செயல். இங்கே பதிவான சொல்லுக்கு அகராதி சொல்வதுதான் பொருள். நீதிபதியே நினைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. அந்தச் சொல் கவனக்குறைவையும் குறிக்குமா என்பதுதான் வரப்போகும் கேள்வி. குறிக்கும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் வழக்கின் கடுமை இறங்கிவிடும். பழைய லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பழி, குற்றச்சாட்டு என்று இன்னும் அகலமான பொருள் இருந்ததாக ஒருமுறை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நீங்கள், உங்கள், சொல்லியிருக்கிறீர்கள். வேறு யாருக்கோ போகவேண்டிய கடிதம் வழிதவறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவளின் பின்னலை நாற்காலியில் கட்டிவிட்டு ஓடியவன் நீ. ‘நீ’ என்றே எழுது. கோபம் மிச்சம் இருந்தால் ‘நீ’ போட்டே திட்டு.

முழங்கால் அப்படியேதான். மாடிப்படி ஏறும்போது எனக்கு முன்னால் அது முனகுகிறது.

உன் கல்யாணத்துக்கு நான் வராதது உனக்கு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது. "உங்க வார்த்தைங்க ஒரு மனுஷனைக்கூட நேர்ல பார்த்ததில்லை" என்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவன், அழைப்பிதழையும் அதே அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் நான் எந்த முகத்தோடு வருவது? சரி, அது கிடக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது.

‘தோலோ’ என்றால் கெட்ட எண்ணம், மனதறிந்து செய்வது. ‘குல்பா’ என்றால் எண்ணம் இல்லாமல் கவனம் பிசகியது. தோலோவோடு செய்ததைத்தான் ‘கிரீமினே’ என்கிறோம். உனக்கே தெரியும், இந்த மூன்றையும் பிரித்து வைக்க எத்தனை கூட்டம் நடந்தது என்று. ‘ரேயோ’வுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது, தீர்ப்பு வரும்வரை அந்த ஆள் மேல் எந்தக் கறையும் ஒட்டக்கூடாது என்று எழுதி வாங்குவதற்குள் எங்கள் தலைவரோடு என் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

கிரீமினேவில் கவனக்குறைவும் அடங்கும் என்று எழுதிவிட்டேன் என்றே வைத்துக்கொள். மறுநாள் உங்கள் அரசு வழக்கறிஞர் என்ன செய்வார்? வண்டியில் பிரேக் பிடிக்காமல் போனவன், ஏணியைச் சரியாகச் சாய்க்காதவன், அடுப்பை அணைக்க மறந்தவள் எல்லோரையும் கிரீமினே என்று கொண்டுவந்து நிறுத்துவார். அகராதியே இடம் கொடுக்கிறதே என்பார். ஒருத்தியை வெளியே விடுவதற்காக நான் திறக்கிற வழியில் எத்தனை பேர் உள்ளே போவார்கள் என்று யோசித்தாயா? யோசித்திருப்பாய். இதெல்லாம் தெரியாதவன் இல்லை நீ. அதனால்தான் உன் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று கேட்கிறேன். பாட்டிலின் நிறம் எழுதியிருக்கிறாய். மூடியின் நிறம் எழுதியிருக்கிறாய். வாக்குமூலத்தில் அவள் நம் மொழியில் என்ன சொன்னாள் என்று மட்டும் எழுதவில்லை. அவள் வாயிலிருந்து வந்த சொல் என்ன?

அக்கா

*

பிப்ரவரி 19

அக்கா,

நீ அதைக் கேட்பாய் என்று தெரியும். கேட்காமல் விட்டுவிடமாட்டாயா என்றும் இருந்தது.

அவள் சொன்னது இதுதான். "என் கையாலதாங்க கொடுத்தேன். நானே அவரைக் கொன்னுட்டேனே. தப்பு என்னோடதுதாங்க."

நம் வீடுகளில் பிள்ளை தடுக்கி விழுந்து நெற்றி உடைந்தால் அம்மா இதைத்தான் சொல்வாள். சொல்லிக்கொண்டே மார்பில் அடித்துக்கொள்வாள். உனக்கும் எனக்கும் அது புலம்பல் என்று புரியும். நான் மொழிபெயர்த்தது: "மே ஒக்கீதே இல்லோ. கிரீமினே ஏஸ் தே மே." நான் அவரைக் கொன்றேன். குற்றச்செயல் என்னுடையது.

‘தப்பு’ என்ற இடத்தில் குல்பா வந்திருக்க வேண்டும். கொன்னுட்டேனே என்பதைப் புலம்பல் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று காலையிலிருந்து வரிசையாகத் திருட்டு வழக்குகள். கப்பல் சரக்கைத் திருடியவர்கள், ஒவ்வொருவனும் கிரீமினே, கிரீமினே என்று ஒப்புக்கொண்டு போனார்கள். அந்தத் தடத்திலேயே வாய் ஓடிவிட்டது. தட்டச்சு செய்கிற அம்மாள் உடனே அடித்து முடித்து உருவிக் கொடுத்தாள். பசி வேறு. கீழே கையெழுத்துப் போட்டேன். சாப்பிடப் போனேன். வாயில் சோறு இருக்கும்போது உறைத்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே எழுந்து போயிருக்கலாமே என்பாய். போயிருக்கலாம். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் கையெழுத்துக்குப் பிறகு தன் சொல்லை மாற்றினால் முதலில் உரிமம் போகும். தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று முடிவாகும்வரை உள்ளே உட்கார வேண்டும். இரண்டு வருடம் முன்னால் ஒருவர் அப்படி உட்கார்ந்தார். திரும்பி வந்தவர் யாரோடும் பேசுவதில்லை.

உன் தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. இந்த ஊரில் எங்களுக்கும் ஆயாவைப் போலத்தான், வேறு யாரும் கிடையாது.

அதனால்தான் உன்னிடம் வந்தேன். நான் என் சொல்லை மாற்ற வேண்டாம். சொல்லின் பொருள் சற்று நகர்ந்தால் போதும். அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். நீ சொல்கிற வண்டிக்காரனும் ஏணிக்காரனும் இன்னும் எந்த வழக்கிலும் இல்லை அக்கா. இவள் இருக்கிறாள். தினமும் பார்க்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள்.

ஒரு வரி. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

மார்ச் 1

தம்பி,

நீதிமன்றத்தின் கேள்வி செவ்வாய்க்கிழமை வந்தது. தலைவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்க என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுறேன்மா, மத்தியானம் எனக்கு ஒரு கூட்டம் இருக்கு" என்று போய்விட்டார். என்னைத் தடுக்கவோ கேட்கவோ யாரும் இல்லை.

நீ கேட்ட வரியை எழுதிப் பார்த்தேன். ‘கிரீமினே கவனக்குறைவையும் உள்ளடக்கும்.’ படித்தால் உறுத்தவே இல்லை. யாருக்கும் சந்தேகம் வராது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரியின் வீங்கிய கால் கண்முன்னால் நின்றது. நான் அவளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, கால் மட்டும் நின்றது.

பிறகு அதை அடித்துவிட்டு இப்படி அனுப்பினேன்: ‘கிரீமினே என்பது மனதறிந்த செயலை மட்டுமே குறிக்கும். கவனக்குறைவுக்கு உரிய சொல் குல்பா. பேசியவர் தம் மொழியில் பயன்படுத்திய சொல் எது என்பதை நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளரிடம் மீண்டும் கேட்டு அறிவது நல்லது.’ கடைசி வாக்கியத்தை அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். உனக்காக அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கும்போது சொல்லிவிடு. நீயாகவே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது. நீ செய்தது குல்பா. அலுப்பு, பசி, வாய் தவறியது. அதற்கென்று ஒரு சொல் இருப்பதே உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். உரிமம் போனால் போகட்டும். இங்கே வா. மெய்ப்புத் திருத்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் பழைய தாள்கள்தான் குடியிருக்கின்றன. அவளைப் பிரசவத்துக்கு அனுப்பு. எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று சொல்லாதே. உன்னை யார் வளர்த்தது?

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

ஆயாவுக்கு ஆயுள் தண்டனை. நேற்று முடிந்தது. உன் அகராதி நின்றுவிட்டது, அசையவில்லை. சந்தோஷப்பட்டுக்கொள்.

உன் பதில் வந்ததும் அரசு வழக்கறிஞர் முதல் வரியை உரக்கப் படித்தார். மனதறிந்த செயலை மட்டுமே. அதற்குப் பிறகு வேறு என்ன வேண்டும் அவருக்கு? கடைசி வாக்கியத்தை நீதிபதி படித்தார். படித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் சத்தியம் செய்தவர், அவரைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை, வாக்குமூலம் சரிதானா என்று குற்றம் சாட்டப்பட்டவரையே நாளை கேட்டுவிடுவோம் என்றார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று உனக்கு எழுத நினைத்தேன். அது உண்மையா என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

அன்று மத்தியானம் அவளைப் பார்க்கப் போனேன். நாளை இப்படி ஒரு கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது என் வேலை. பார்வையாளர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கையின் கை கிழிந்ததைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி கொடுக்கமாட்டார்கள், காவல்காரம்மாள் பக்கத்திலேயே நின்று கொடுத்திருந்தாள்.

"தம்பி, என்னமோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றாங்களே. கிரீமி... என்னது அது?"

"கிரீமினே."

"அப்படின்னா என்ன?"

அவ்வளவு பக்கத்தில் வந்தது அக்கா. ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். காவல்காரம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தப்புன்னு அர்த்தம்மா" என்றேன்.

"அவ்வளவுதானா" என்றாள். "அதைத்தானே நானும் சொன்னேன்."

நேற்று நீதிபதி கேட்டார். உன் வாக்குமூலத்தில் கிரீமினே என்று இருக்கிறதே, அது சரிதானா? நான் அவள் பக்கம் திரும்பி நம் மொழியில், "தப்பு என்னோடதுன்னு சொன்னீங்களே, அது சரிதானான்னு கேக்கிறாங்க" என்றேன். "ஆமாங்க" என்றாள். ‘சிக்’ என்றேன். ஆம். தட்டச்சு செய்கிற அம்மாள் அதை அடித்தபோது ஒரே ஒரு தட்டல்தான் கேட்டது போல இருந்தது.

தீர்ப்பை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உயிரோட இருக்கிறவரைக்கும் உள்ளேதாம்மா" என்றேன். "நீங்க வருவீங்கல்ல?" என்றாள்.

நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. இனி எழுதாதே. மெய்ப்புத் திருத்த வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

*

மார்ச் 18

தம்பி,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

பசியில் வாய் தவறியது குல்பா. பார்வையாளர் அறையில் நீ சொன்னதற்கு எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும். என் கையால் அதை எழுத வைக்காதே.

நான் அந்த வரியை எழுதாததற்காக நீ என்னைச் சபிக்கலாம். தாங்கிக்கொள்வேன். ஆனால் மேல்முறையீட்டுக்கான அவகாசம் இன்னும் இருக்கிறது. நீ போய்ச் சொல்லும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்கா,

இதை உறையில் போடுவதற்கு முன்னால் இங்கே ஒருவர் படித்துப் பார்ப்பார். நம் எழுத்து அவருக்குத் தெரியாது. இருந்தாலும் விரலை வைத்து வரி வரியாக ஓட்டிவிட்டுத்தான் விடுகிறார். ஆம், உள்ளே இருந்துதான் எழுதுகிறேன்.

நீ சொன்னதால் போனேன் என்று நினைத்துவிடாதே. நானாகப் போனேன் என்றும் சொல்ல முடியாது. நடந்தது இது.

இம்மாதம் நம் மொழிக்காரன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சுமைவண்டி ஓட்டுநர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கூலியாள் சக்கரத்தில் மாட்டிக்கொண்டான். காலோடு போயிற்று, உயிர் பிழைத்தான். ஓட்டுநர் நின்றதுமே அழ ஆரம்பித்துவிட்டான். நீதிபதி என்ன நடந்தது என்று கேட்டார். "தப்பு என் மேலதாங்க" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். குல்பா என்று சொல்லவேண்டும், தெரியும். சொன்னால் போதும், எல்லோரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். என்னால் முடியவில்லை. இவனுக்கு அந்தச் சொல் கிடைக்கிறது, அவளுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தேனா, எதுவும் நினைக்கவில்லையா, இப்போது ஞாபகம் இல்லை. தட்டச்சு செய்கிற அம்மாள் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீதிபதி, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இந்தச் சொல்லை இதற்கு முன் ஒருமுறை இங்கே மாற்றிச் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆயா என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், எப்போது உறைத்தது, பார்வையாளர் அறையில் அவள் என்ன கேட்டாள். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "குல்பாவா, தோலோவா?" எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. முதல் தடவை குல்பா, இரண்டாம் தடவை தோலோ என்றேன். பதிவாயிற்று. அன்றே உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஆயாவின் தீர்ப்பை நிறுத்திவைத்து மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. சைகையில் ஏதோ காட்டியிருக்கிறார்கள், எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளாம்.

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பதினைந்து நாள் முன்னதாகவே. இரண்டு பேரும் நலம் என்று என் வழக்கறிஞர் சொன்னார். நான் இன்னும் பார்க்கவில்லை. உன் தம்பி மனைவி என் மேல் கோபமாக இருக்கிறாள். பிரசவ வலியோடு தனியாக வாடகை வண்டி பிடித்துப் போனாளாம்.

வழக்கறிஞர் ஒரு வழி சொல்கிறார். அன்று நிலைகுலைந்துபோய்த் தோலோ என்று உளறிவிட்டேன், உண்மையில் இரண்டு தடவையுமே குல்பாதான் என்று மனு கொடுக்கலாமாம். பார்வையாளர் அறையில் நடந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. காவல்காரம்மாளுக்கு நம் மொழி தெரியாது. மனு ஏற்கப்பட்டால் உரிமம் மட்டும் போகும், வீட்டுக்கு வந்துவிடலாம். உன் தம்பி மனைவியும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நீதிமன்றம் உன்னைத்தான் கூப்பிடப்போகிறது. நம் மொழியும் பொதுமொழியும் சேர்ந்து தெரிந்தவர்கள் வேறு யார்? முழங்காலோடு அவ்வளவு தூரம் வரவேண்டும். முடிந்தால் குழந்தையையும் பார்த்துவிட்டுப் போ.

தம்பி

*

ஜூன் 2

தம்பி,

உன் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாகப் பளுதூக்கி இயந்திரங்கள் தெரிகின்றன. குழந்தை தூங்குகிறாள். முகம் யார் ஜாடை என்று இன்னும் சொல்ல முடியவில்லை, ஆனால் நீ தூங்குகிற மாதிரியே வாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குகிறாள். உன் மனைவி முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவ்வளவு போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுவிசாரணை முடிந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன். அகராதிக் கருத்தை எழுதியவள், இன்னொரு வழக்கில் உள்ளே இருப்பவனின் அக்கா, இவளை ஏற்றுக்கொள்ளலாமா என்று நீதிபதி இரண்டு தரப்பையும் கேட்டார். வேறு ஆள் இல்லாததால் சம்மதித்தார்கள். சத்தியம் செய்யும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார்கள். முப்பது வருடமாக இந்தச் சொற்களை எழுதியிருக்கிறேன், ஒருநாளும் ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னதில்லை. நீ அன்று சொன்னது சரிதான்.

ஆயாவை உள்ளே அழைத்துவந்தபோது முதலில் உன்னைத்தான் தேடினாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்தத் தம்பி எங்கம்மா?" என்றாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல நீதிபதி எனக்கு நேரம் கொடுத்தார். கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகளும் வந்து சாட்சி சொன்னாள். தான் மருந்து கொடுத்ததைச் சொல்ல மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். அவளுக்கு எந்தத் தண்டனையும் இல்லை, மறந்தது குற்றமில்லையாம். ஆயாவுக்கு, பாட்டிலைப் பார்க்காமல் கொடுத்தது குல்பா என்று நான்கு வருடம். ஆயுள் போய் நான்கு. "நாலு வருஷம்" என்று சொன்னதும், "அப்புறம் எங்க போறது?" என்று கேட்டாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அது யாரையும் பார்த்துக் கேட்டது இல்லை.

இனி நான் எழுதப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். நேரில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

தீர்ப்புக்கு முன்னால், ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி அவளைக் கேட்டார். அவள் எழுந்து நின்று, "அந்தத் தம்பி மேல தப்பு இல்லைங்க. அவரை விட்டுடச் சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். இதிலே குல்பா இல்லை என்று சொல்லலாம். கிரீமினே இல்லை என்று சொல்லலாம். கிரீமினே இல்லை என்று சொன்னால் உன் மனுவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, பாதிக்கப்பட்டவளே சொல்கிறாளே. உன் வழக்கறிஞர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உன் மனைவியும் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தாள்.

நான் நீதிபதியிடம் அனுமதி கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினேன். "நீங்க எந்தத் தப்பைச் சொல்றீங்கம்மா? தெரியாம நடந்ததையா, தெரிஞ்சு செஞ்சதையா?"

அவள் யோசித்தாள். "மொதல்ல மாத்திச் சொன்னது தெரியாமத்தான் இருக்கும்மா. அப்புறம் ஜெயில்ல நான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். தப்புன்னு அர்த்தம்னாரு. சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கலை. பொய் சொல்றாருன்னு அப்பவே தெரிஞ்சுது. என்ன பொய்யின்னுதான் தெரியலை."

ஒன்று விடாமல் சொன்னேன். நீதிபதி, தெரிந்திருந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவளைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கேட்டா அதுக்கப்புறம் வரமாட்டாரோன்னு பயந்தேன்மா. அத்தனை நாளும் என்கிட்ட பேசினது அவர் ஒருத்தர்தான்."

அதையும் சொன்னேன். பொதுமொழியில் அதற்கு எட்டு ஒன்பது சொற்கள்தான் ஆயின. தட்டச்சு செய்கிற அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் அடித்தாள். இந்தப் பதிவு இன்னொரு வழக்கில் சேர்க்கப்படும், உங்களுக்குத் தெரியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். உன் மனைவி எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் உன் வழக்கறிஞர் இங்கே வந்தார். "மொழிபெயர்ப்புல உங்களுக்கே ஏதாவது சந்தேகம் இருந்தா சொல்லுங்கம்மா. அந்த இடத்துல தூபியோன்னு குறிக்கச் சொல்லலாம். சந்தேகத்துக்குரியதுன்னு ஆயிட்டா உங்க தம்பிக்கு எதிரா அதை எடுத்துக்க முடியாது" என்றார். உன் மனைவி அடுப்படியில் நின்றபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் எதுவும் இல்லை என்றேன். அவள் பால் பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அதிலிருந்து மறுபடியும் என்னோடு பேசுவதில்லை. குழந்தையை மட்டும் கையில் கொடுக்கிறாள்.

அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிப் போட்டுவிட்டேன். உன் வழக்கு முடியும்வரை இங்கேதான். ஆயாவைப் பார்க்க வாரம் ஒருமுறை அனுமதி வாங்கியிருக்கிறேன். நேற்று போனேன். பேசுவதற்கு எங்களுக்குள் ஒன்றும் இல்லை, ஆனாலும் மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

மனுவில் நீ கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். போட்டால், அவள் சொன்னதை நான் சரியாக மொழிபெயர்த்தேனா என்று விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சரியாகத்தான் மொழிபெயர்த்தேன் என்று சொல்வேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறேன். நான் மட்டும்தான் வருவேன்.

அக்கா